பெட்பேனும் அழகர் விரதமும்

விளாங்குடியில் செவிலியர் உதவியாளர் பயிற்சி நிலையம் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை வைத்திருக்கிறார்கள். அதற்கு நாடி துடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, ஊசி குத்தினால் சிவப்புத் தண்ணீர்கூட வருகிறது. ஓய்வுபெற்றவள் வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று போன மாதம் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பழங்காநத்தத்திலிருந்து பஸ் மாறிப் போய்ச் சேர்ந்ததும், பிள்ளைகள் பெருமையாக அந்தப் பொம்மையைத்தான் முதலில் காட்டினார்கள். எந்த நோய் வேண்டுமென்றாலும் அதற்கு வரவழைக்கலாமாம். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எல்லாம் சரி, வெட்கம் மட்டும் அதற்கு வராது.

ஒரு பெண் கேட்டாள், "மேடம், உங்க காலத்துல டம்மி இல்லாம எப்படி ட்ரெய்னிங் எடுத்தீங்க?"

"நாங்கதாம்மா டம்மி."

சிரித்தார்கள். நான் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது அரை மணி நேரமும் ஒரு பொன்னாடையும். அரை மணியில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

நான் நர்ஸ் வேலைக்குப் போனது சேவை மனப்பான்மையால் அல்ல, மின்விசிறியால். மதுரை மகாலுக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் ஒன்றில் எங்கள் வீடு. அப்பா தறி நெய்தார். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசல் தாண்டினால் மதுரைத் தமிழ். தறி ஓடும் அறையில் காற்று அடித்தால் இழை பறக்கும் என்று அப்பா மின்விசிறி போடவே விடமாட்டார். சித்திரை மாத வெயிலில் அந்த அறைக்குள் நூல் சுற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். பத்தாவது முடித்திருந்த சமயம், பிரசவத்துக்குச் சேர்த்திருந்த என் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வார்டு முழுக்க மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே வெள்ளைச் சேலை கட்டிய பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள். பத்தாவது படித்த பெண்களை அந்த ஆஸ்பத்திரியே எடுத்து, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து உதவி நர்ஸ் பயிற்சி தருகிறது என்று அக்கா சொன்னாள். அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இன்றைக்கு ஒரு ஜவுளிக்கடை நிற்கிறது. பெயர் வேண்டாம்.

அப்பா ஒரே வார்த்தையில் மறுத்தார். கண்ட ஆண்பிள்ளையைத் தொட்டுத் தூக்குகிற வேலைக்கு நம் வீட்டுப் பெண் போவதா என்றார். எங்கள் பாஷையில் இது இன்னும் காரமாக இருக்கும். அம்மா எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. குழம்பில் உப்புப் போடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். சில நாள் பொறுத்துப் பார்த்த அப்பா, கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். முதல் ஆறு மாதம் ஒழுங்காக முடித்தால்தான் தலையில் வெள்ளைத் தொப்பி வைப்பார்கள், அதற்குப் பிறகுதான் நர்ஸ் என்று கணக்கு. தொப்பி ஏறிவிட்டால் நீ தொடர்ந்து படிக்கலாம். அதற்குள் நல்ல சம்பந்தம் வந்தால் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஆக, தொப்பி முந்துமா மாப்பிள்ளை முந்துவாரா என்பதே என் முதல் ஆறு மாதக் கவலையாக இருந்தது.

எங்கள் பொறுப்பாளர் எஸ்தர் சிஸ்டர். மிஷன் பள்ளி ஆசிரியர் வீட்டுப் பெண். கஞ்சி போட்ட சேலை, மடிப்புக் கலையாத குரல். அவர் யாரையும் திட்டியதே கிடையாது. பொருள்களோடு பேசுவார். தலையணை உறையின் திறந்த பக்கம் வாசலைப் பார்த்திருக்கக் கூடாது என்பது வார்டு விதி. நாங்கள் தப்பாக வைத்திருந்தால், குனிந்து தலையணையிடம் கேட்பார்: "ஏம்மா தலகாணி, வாயப் பொளந்துக்கிட்டு வாசலப் பாக்குறியே, யாரும் வாராங்களா?" அதைப் போட்டவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். திட்டு வாங்கியிருந்தால் மறந்திருக்கும். தலையணைக்கு முன்னால் பட்ட அவமானம் மறக்காது.

முதல் மாதம் முழுக்கப் படுக்கை போடுவதுதான் படிப்பு. விரிப்பை இழுத்து, மூலையை மடித்து, மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். மேலே ஒரு நாணயத்தைப் போட்டால் அது துள்ள வேண்டும். நாங்கள் போட்ட அழகில், திருமங்கலத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா படுக்கையைக் கலைக்க மனமில்லாமல் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். ரவுண்ட்ஸ் வந்த சிஸ்டர் காலிக் கட்டிலைப் பார்த்து, "அய்யா கட்டிலு, உங்க மேல படுக்க வந்தவங்களையே வெரட்டி விட்டுட்டீங்களே," என்றார். மறுநாளிலிருந்து விரிப்பைக் கொஞ்சம் தளர்வாகப் போடக் கற்றுக்கொண்டோம்.

அதற்குப் பிறகு வந்தது நோயாளி நாள். இப்படி ஒன்று வேறெந்த ஆஸ்பத்திரியிலும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. பயிற்சிக்கு வந்த ஒவ்வொருத்தியும் ஒரு பகல் முழுக்க வார்டின் மூலைக் கட்டிலில் நோயாளியாகப் படுத்திருக்க வேண்டும். இடது கால் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டும். இறங்கக் கூடாது. பல் துலக்கி விடுவது, முகம் துடைப்பது, சோறு ஊட்டுவது, படுத்தபடியே போவதற்குப் பெட்பேன் வைப்பது எல்லாம் மற்றப் பிள்ளைகள்தான். காலையில் எனக்குக் குஷியாகத்தான் இருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி, கீழே மெத்தை. பாண்டியம்மாள் எனக்கு இட்லி ஊட்டினாள். அவள் அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்துப் பெண், விடுதியில் என் கட்டிலுக்கு அடுத்த கட்டில்காரி. இட்லியைச் சட்னியில் குளிப்பாட்டி என் மூக்குக்கு ஊட்டினாள். அதையும் சிரித்துக்கொண்டே தின்றேன்.

பத்து மணிக்கு மேல் சிரிப்பு நின்றுபோனது. சுற்றிலும் ஆட்கள். கூப்பிட்டால் பாண்டி வருவாள். ஆனால் என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? தினமும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவளிடம் அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தண்ணீரைத் தள்ளி வைத்தேன். மத்தியானம் மோரையும் வேண்டாம் என்றேன். உதடு காய்ந்தது, தலை வலித்தது. சாயங்காலம் சிஸ்டர் வந்து என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எம்புட்டுத் தண்ணி குடிச்ச?"

"தாகமே எடுக்கல சிஸ்டர்."

அவர் என் தலைமாட்டிலிருந்த டம்ளரை எடுத்து உள்ளே பார்த்தார். "டம்ளரே, இந்த வெயில்ல தாகமே எடுக்கலையாம். நீ நம்புறியா?" என்று கேட்டுவிட்டு, அப்படியே வைத்துவிட்டுப் போனார். எங்கள் எல்லோரிடமும் அதே கேள்வி. எல்லோரும் அதே பொய்.

பெட்பேன் வைப்பதற்கு ஒரு முறை உண்டு. இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். அது இரும்புப் பாத்திரம், உடம்பில் பட்டால் சில்லென்று இருக்கும். முதலில் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். விளிம்பில் கொஞ்சம் பவுடர் தூவ வேண்டும், இல்லையென்றால் தோலில் ஒட்டி இழுக்கும். மேலே துணி மூடித்தான் எடுத்துவர வேண்டும். வருகிற வழியில் யாரிடமும் நின்று பேசக் கூடாது. முதலில் துணித் தட்டியை வைத்து மறைக்க வேண்டும், பிறகுதான் போர்வையில் கை வைக்க வேண்டும். உடையாத கால் பக்கமாக, இடுப்புக்குக் கீழே ஒரு கை கொடுத்து உள்ளே தள்ள வேண்டும். முடிந்த பிறகு முகம் சுளிக்கக் கூடாது. ஒருநாள் நான் வெந்நீர் காட்ட மறந்துவிட்டேன். "பெட்பேன் அய்யா, உங்களுக்குக் குளிர் ஜொரமா?" என்று சிஸ்டர் கேட்டார். பிறகு நான் மறக்கவே இல்லை.

ஆறாவது மாதம் சித்திரைத் திருவிழா நெருங்கியது. அப்போதுதான் வெள்ளையன் அய்யா வந்து சேர்ந்தார்.

அழகர்கோவில் அடிவாரத்துக் கிராமம் அவருக்கு. மாங்காய் பறிக்க மரமேறி, கிளை முறிந்து விழுந்து தொடை எலும்பு உடைந்திருந்தது. வாசலை அடைக்கிற உடம்பு, காதுவரை மீசை. ஒவ்வொரு வருஷமும் அழகர் ஆற்றில் இறங்கும்போது தோல் துருத்தியில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சி அடிக்கிற கூட்டத்தில் அவர் முன்வரிசையாம். காலில் கம்பி செருகி, கயிறு கட்டி, கட்டில் முனைக் கப்பி வழியாக எடைக்கல் தொங்கவிட்டிருந்தார்கள். வீக்கம் வடிந்ததும் ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது.

படுக்கையிலிருந்து இறங்க முடியாத நோயாளி ஒருவரைத் திங்கள் முதல் சனி வரை ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்வதுதான் எங்களுக்குக் கடைசிச் சோதனை. ஆண்கள் வார்டுக்கும் சேர்த்துத்தான். வார்டுபாய் இருந்தார், ஆனால் மூன்று மாடிக்கும் ஒரே ஒருவர். அவர் வரும்வரை யார் வயிறும் காத்திருக்காது என்பார் சிஸ்டர். வாரத்தின் நடுவில் நோயாளியை விட்டுவிட்டுப் போனவளுக்குத் தொப்பி கிடையாது. எனக்கு விழுந்த சீட்டு வெள்ளையன் அய்யா.

முதல் நாள் தண்ணீர் கொடுத்தேன். கையை உயர்த்தித் தடுத்தார்.

"வேணாம் தாயி. அழகருக்கு வெரதம்."

"சாப்பாடு?"

"அதுவும் வெரதந்தான்."

நாங்கள் மதுரைப் பிள்ளைகள். அழகருக்கு விரதம் என்று ஒருவர் சொன்ன பிறகு வற்புறுத்த எவளுக்கு வாய் வரும்? வேறு ஊர்ப் பெண்களாக இருந்தால் டாக்டரிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள். நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பாண்டியம்மாளுக்கு அந்தப் பக்கத்து முறைகள் எல்லாம் தெரியும் என்று அவளைக் கூட்டிவந்தேன். வந்தவள் கட்டிலுக்கு அடியில் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தாள்.

"அடியே சுலோச்சனா, வெரதம் இருக்குறவருக்குக் கீழ இதையாடி வெப்பாக? சாமி குத்தமாயிரும்!"

பெட்பேனையும் மூத்திரக் குடுவையையும் அவளே எடுத்துக்கொண்டுபோய் வராந்தாவின் கோடியில் இருந்த குளியலறையில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் கோயில் துளசி மாலை ஒன்று கொண்டுவந்தாள். அவர் கழுத்தில் போட விடவில்லை, அதனால் எடைக்கல் தொங்கிய கயிற்றில் மாட்டினாள். முகம் துடைக்கும்போது நான் பயபக்தியோடு துடைத்தேன். அவரும் கண்ணை மூடிக்கொண்டு கம்பீரமாகப் படுத்திருந்தார்.

ரவுண்ட்ஸில் சிஸ்டர் மாலையைப் பார்த்து நின்றார். "எடைக்கல் அய்யா, நீங்க எப்ப சாமியானீங்க?" என்றார். பிறகு எங்களைச் சுற்றி நிற்கவைத்து விசாரித்தார். அவருக்கு விரதங்களில் பழக்கம் இல்லை, ஆனால் யாருடைய நம்பிக்கையையும் இளக்காரமாகப் பேசமாட்டார். பகலில் மட்டும் சாப்பிடக் கூடாது என்றாள் ஒருத்தி. கறி மட்டும்தான் ஆகாது என்றாள் இன்னொருத்தி. வெளித் தண்ணீர் கூடாது, வீட்டுத் தண்ணீர் ஆகும் என்றாள் பாண்டி. சிஸ்டர் பெருமூச்சு விட்டார். "அவர் சாமி அவருக்கு. ஆனா அவர் ஒடம்பு இந்த வாரம் சுலோச்சனாகிட்டல்ல இருக்கு."

புதன்கிழமை காய்ச்சல் வந்தது. ராத்திரி வார்டுபாய் குடுவையில் பிடித்து வைத்த சிறுநீர் வெகுவாகக் குறைந்து, தேயிலைத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. எலும்பு டாக்டர் நல்ல மனிதர், என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "உள்ள தண்ணியே இல்லம்மா. இப்படியே போனா கிட்னி படுத்துரும், மயக்கம் குடுக்க முடியாது. ஆபரேஷன் தள்ளிப்போனா எலும்பு கோணலாச் சேந்துரும். மரமேறுற மனுஷன், நொண்டிக்கிட்டுத் திரிவாரு." கையில் டிரிப் போடச் சொன்னார். போட்டோம்.

அதே நாள் வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. பரமக்குடியிலிருந்து நல்ல சம்பந்தமாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வருகிறார்கள், நாலு மணிக்கு அப்பா வந்து கூட்டிக்கொண்டு போவார், துணிமணிகளை எடுத்து வைத்துக்கொள் என்றார்கள். வெள்ளிக்கிழமை போனால் வாரம் முடியாது. வாரம் முடியாவிட்டால் தொப்பி இல்லை. மாப்பிள்ளை ஒரு நாள் வித்தியாசத்தில் முந்திவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் டிரிப் பாட்டிலைப் பார்த்தேன். காலையில் இருந்த அளவிலேயே இருந்தது. ஊசி அடைத்திருக்கிறதா என்று பார்த்தால், இல்லை. டியூபில் இருக்கும் சின்னச் சக்கரம் முழுக்கத் திருகி மூடியிருந்தது. திறந்துவிட்டுத் தண்ணீர்ப் பானை பக்கம் போவதுபோல் போய்த் திரும்பிப் பார்த்தேன். வெள்ளையன் அய்யா ஒரு கண்ணைத் திறந்தார், இரண்டு பக்கமும் பார்த்தார், கட்டைவிரலால் சக்கரத்தைத் திருகி மூடினார், மறுபடி கண்ணை மூடிக் கம்பீரமானார்.

விரதம் நாக்குக்குத்தானே, நரம்புக்குமா? அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. தண்ணீர் எந்த வழியாக உள்ளே போனாலும் வெளியே வருகிற வழி ஒன்றுதான். மூலைக் கட்டிலில் மோரைத் தள்ளி வைத்துவிட்டு, தாகமே இல்லை என்று நான் சொன்ன பொய்யை இவர் வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாங்களோ பக்தி முற்றி, அவருக்குத் தேவைப்பட்ட பாத்திரத்தையே கண்காணாத இடத்துக்கு நாடு கடத்திவிட்டோம்.

சாயங்காலம் அவர் மனைவி பேச்சி அக்கா வந்ததும் வராந்தாவில் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, அய்யாவுக்கு விரதம் எப்ப முடியுது?"

"வெரதமா? எவருக்கு?"

"அழகர் விரதம்னு சொன்னாரே."

பேச்சி அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். "ஏத்தா, காப்புக் கட்டுனாத்தான வெரதம்? கையில காப்பு இருக்கான்னு பாத்தியா? மரத்துல இருந்து விழுறதுக்கு மொத நாளு கோழிய அடிச்சுக் கொழம்பு வையுன்னு உசுர வாங்குன மனுசன். ஆஸ்பத்திரிக்கு வந்துதான் வெரதம் வந்துருக்கு." பிறகு சிரிப்பை நிறுத்திக் குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் சின்னப் புள்ளைகளா இருக்கீக. எங்க மூத்தவ வயசு. கேக்க வெக்கப்பட்டுக்கிட்டுச் சாகுறாரு போல."

அன்றைக்கே பெட்பேனைக் கட்டிலுக்கு அடியில் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். பாண்டி முறைத்தாள். துளசி மாலையைக் கழற்றிச் சாமி படத்துக்குப் போடச் சொல்லி அவளிடமே கொடுத்தேன். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் காதருகே உட்கார்ந்தேன்.

"அய்யா, நானும் ஒரு நாள் முழுக்க உங்கள மாதிரி படுத்துக் கெடந்தேன்."

"ஒனக்கு என்னத்தா ஒடைஞ்சுச்சு?"

"ஒண்ணும் ஒடையல. படிப்புக்காகப் படுக்க வெச்சாங்க."

"நல்ல ஆசுபத்திரிடா சாமி," என்றார்.

இட்லியை மூக்குக்கு ஊட்டிய கதையிலிருந்து, மோரைத் தள்ளி வைத்தது, பாண்டியைக் கூப்பிட வாய் வராதது வரை ஒன்று விடாமல் சொன்னேன். மீசை மெல்ல ஆடியது.

"ஆயிரம் பேருக்கு நடுவுல நின்னு தண்ணி அடிக்கிறவன் தாயி நான். இதுக்குப் போயி ஒரு பொம்பளப் புள்ளையக் கூப்புடவா? எந்த வாயால கூப்புடுறது?"

"வாயால வேணாம். கட்டில் கம்பில டம்ளரால ரெண்டு தட்டு தட்டுங்க. நீங்க ஒண்ணும் சொல்லவேணாம், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். வந்துருவேன்."

"வந்துருவியா?"

"எங்க இருந்தாலும் வந்துருவேன்."

சத்தியம் வாங்குவதுபோல் என்னைப் பார்த்தார். அப்புறம் டம்ளருக்குக் கையை நீட்டினார். சக்கரத்தை நானே திறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் குடித்தார், இளநீர் குடித்தார், மத்தியானம் ரசம் சோறு சாப்பிட்டார். தட்டவில்லை. நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தேன். மூன்று மணி ஆயிற்று, தட்டவில்லை. நாலு மணிக்குப் பார்வையாளர்களைத் திறந்துவிட்டார்கள். சித்திரைக் கூட்டம், கட்டிலுக்கு ஐந்து பேர், கையில் முறுக்கும் பன்னீர் சோடாவும். அவர் ஊரிலிருந்தே ஒரு வேன் ஆட்கள் வந்து அடுத்த கட்டில்காரரைச் சுற்றி நின்றார்கள். வாசலில் அப்பா வந்து நின்றார். வெளுத்த சட்டை, தோளில் துண்டு, நெற்றியில் நாமம். வா போகலாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

அப்போதுதான் கேட்டது. டங், டங்.

திரும்பினேன். வெள்ளையன் அய்யா முகத்தைச் சுவர் பக்கம் வைத்துக்கொண்டு டம்ளரைப் பிடித்திருந்தார். எஸ்தர் சிஸ்டர் மேசையிலிருந்து நிமிர்ந்து, வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த ஒரு தடவை இவரைக் காக்க வைத்தால் இனிமேல் வாய் திறக்கவும் மாட்டார், தண்ணீர் குடிக்கவும் மாட்டார். அப்பா கண் முன்னால் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்பதும் தெரியும். சிஸ்டர் எந்தப் பொருளோடும் பேசவில்லை. என்னைப் பார்த்து நேராக, "போ," என்றார்.

போனேன். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்கு ஓடி வெந்நீர் காட்டினேன், துடைத்தேன், பவுடர் தூவினேன், துணி போட்டு மூடினேன். அப்பாவைத் தாண்டித்தான் எடுத்துவர வேண்டியிருந்தது. அவர் அந்தத் துணியைப் பார்த்தார், அடியில் என்ன என்று புரிந்துகொண்டார். நான் நிற்கவில்லை. தட்டியை இழுத்து வைத்தால், மூன்று மடிப்பில் ஒரு மடிப்புத் துணி சலவைக்குப் போயிருந்தது. வெறும் சட்டம். அதன் வழியாக அந்த வேன் கூட்டம் முழுக்க உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளையன் அய்யா என் கையைப் பிடித்தார். "வேணாம் தாயி. விட்டுரு. வேணாம்."

அந்தச் சட்டத்தை யாரோ வந்து மறைத்தார்கள். அப்பா. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தோளிலிருந்த துண்டை உதறி, இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில்கூட உரக்கப் பேசாத மனிதர், வார்டு முழுக்கக் கேட்கும்படி தமிழில் அதட்டினார்.

"என்னய்யா வேடிக்க? அந்தப் பக்கம் திரும்புங்கய்யா எல்லாரும்!"

"நீ யாருய்யா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"நர்ஸம்மாவோட அப்பாய்யா!"

எனக்கு இன்னும் தொப்பி ஏறவில்லை. அது அப்பாவுக்கும் தெரியும். ஒரு கை வெள்ளையன் அய்யாவின் இடுப்புக்குக் கீழே, ஒரு கை பெட்பேனில், கண்ணைத் துடைக்க எனக்குக் கை இல்லை. கன்னத்தில் வழிந்தது. கட்டிலுக்கு மேலே தொங்கிய சங்கிலிப் பிடியைப் பிடித்துப் பல்லைக் கடித்து எழும்பியவர், என்னைப் பார்த்துவிட்டார்.

"நீ எதுக்குத்தா அழுகுற? வலி எனக்குல்ல?"

பத்து நாள் கழித்து அவருக்கு ஆபரேஷன் நடந்தது. அடுத்த வருஷம் துருத்தியோடு முன்வரிசையில் நின்றார் என்று பாண்டி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நான் தொப்பி வைத்து, மேலே படித்து, பல வார்டு மாறி, பொறுப்பு நர்ஸாக ஓய்வுபெற்றேன். பரமக்குடி மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் நல்லபடியாகக் கல்யாணம் ஆனது. எனக்கும் பிறகு ஆனது.

அன்றைக்குப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். அப்பா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தார். எங்கள் பாஷையில், தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி கேட்டார். என் வேலையைப் பற்றி அவர் முதன்முதலாகக் கேட்ட கேள்வி. அந்த மனுஷனுக்கு நல்லபடியாகப் போனதா?

"நல்லாப் போச்சுப்பா," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப நீ இரு," என்றார். "பொண்ணுக்கு ட்யூட்டின்னு நான் போய்ச் சொல்லிக்கிறேன்."